பதில் சொல்ல ஆளில்லாத காமெடி

ஆடி 6, செவ்வாய்

வெயில் மண்டையப் பொளக்குது. தண்ணி லாரி வரல. ரேஷனுக்குப் போணும். எங்க வூட்டுக்காரரு சேகரு கண்டெய்னர் யார்டு வேலைக்கு லீவு போட்டுட்டு கண்ணாடி முன்னாடி தனியா பேசிக்கினு கீறாரு. ஞாயித்துக்கெழம எர்ணாவூர் கல்யாண மண்டபத்துல டிவிக்காரங்க காமெடிக்கு ஆளு எடுக்கறாங்களாம். ஒத்த ஆளுதான். ஜோடிக்கு எடம் இல்ல.

பாஷா பாய் ஆர்கெஸ்ட்ராவுல பாட்டுக்கு நடுவுல நாங்க போடறது புருசன் பொண்டாட்டி நாடகம். அவரு ஒண்ணு வுட்டா நான் ரெண்டா திருப்பிக் குடுப்பேன். இப்ப என்னக் கழட்டி வுட்டாச்சு. சரி, போட்டும்.

வியாழன்

புழுக்கம். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும். அவரு ரெடி பண்ற ஜோக்கு எல்லாம் என்னப் பத்தி. நான் குண்டு, நான் கொறட்ட. "இன்னாயா, எல்லாம் என் தலையிலயா?"

"தனியா நின்னா நெசத்தச் சொல்லணும்மே. அப்பத்தான் சிரிப்பாங்க."

நாடகத்துல நான் அஞ்சு புள்ள பெத்தவ. பொய்யின்னு பாக்கறவங்களுக்கும் தெரியும். வூட்ல ஒண்ணுகூட இல்ல.

சாயங்காலம் புது ஜோக்கு. புள்ள வரத்துக்கு நான் கோயில் மரத்துல தொட்டில் கட்னது. கையில இருந்த கரண்டி கீழ வுழுந்துச்சு. "அது மட்டும் வோணாம்." சரின்னாரு. மூஞ்சப் பாக்காம சொன்னாரு.

ஞாயிறு

மண்டபம் ஃபுல்லு. நான் கடைசி வரிச. சேகரு ஒரு ஜோக்கு சொல்லிட்டு எடது பக்கம் திரும்பி நிக்கறாரு. அது நான் நிக்கற எடம். நான் பதில் குடுக்கற வரைக்கும் நிக்கறது பழக்கம். இன்னிக்கு அங்க யாரு கீறா? ஜனம் முழிக்குது. மறுபடியும் அதே. "எறங்கு நைனா"ன்னு ஒருத்தன். அய்யோ! பதில் நாக்கு நுனியில கீது, ஒக்காந்த எடத்துலேர்ந்து கத்த முடியுமா?

அப்ப எடுத்தாரு தொட்டில. "என் பொண்டாட்டி தொட்டில் கட்டாத மரம் இல்ல சார். கெளையே ஒடிஞ்சிச்சு, புள்ள மட்டும் வரல."

மண்டபமே குலுங்குச்சு. பக்கத்துல ஒரு அம்மா கண்ணத் தொடச்சிக்கினு சிரிக்குது. அவர செலக்ட் பண்ட்டாங்க.

கொற அவருகிட்டன்னு டாக்டரம்மா சொன்னது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மாமியார் வாயால மலடின்னு கேட்டும் நான் வாயத் தொறந்ததில்ல. பாவி மனுசன்.

திங்கள்

பால்கோவா வாங்கியாந்தாரு. "ஒரு ஜோக்குதானமே." தொடல. எறும்பு மொச்சுது.

வெள்ளி

தூறல். தண்டையார்பேட்ட அம்மன் கோயில். பாய் முன்னமே ஒத்துக்கினதால நாடகம் போட்டே ஆவணும்.

மேடையில அவரு வசனம்: "அஞ்சு பெத்தியே, ஒண்ணாவது என் ஜாடையில கீதாடி?" நான் ஒடனே "உன்ன மாரி ஒண்ணு போதாதா"ன்னு அடிக்கணும். அடிக்கல. மைக்க கிட்ட இழுத்தேன். டாக்டரம்மா சொன்னது நாக்கு நுனியில கீது. கூட்டம் காத்துக்கினு கீது. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. மெதுவா தலைய ஆட்டறாரு, வோணாம்னு.

பழைய பதிலயே சொன்னேன். விசிலு பறந்துச்சு. அவருக்கு அடுத்த வசனம் வரல.