கையெழுத்து கேட்காத நூலகம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன், நம்பு. அவரை விட்டு வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். விடுதி அறையில் ஆறு பேர். பகலில் அங்கே படிக்க வழியில்லை. வேலைக்கான பரீட்சைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. அதனால் நூலகம் நூலகமாக ஏறி இறங்குகிறேன்.

பெரிய பொது நூலகத்தில் வாசலிலேயே தடித்த பதிவேடு. பெயர், முகவரி, வந்த நேரம், கையெழுத்து. எனக்கு முன்னால் வந்தவர்களின் விலாசத்தையெல்லாம் நின்ற நிலையிலேயே படித்துவிட்டேன். என்னுடையதையும் யாராவது அப்படிப் படிப்பார்கள்தானே? பொய்ப் பெயர் எழுதினேன். அதுவும் கோணலாக வந்தது. புத்தகத்துக்குக் குறைவில்லை. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரே பக்கம்.

கல்லூரி நூலகத்தில், "வெளியாளா? ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு ஒரு நாள் பாஸ் தரோம்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். போட்டோ என்றதும் திரும்பி நடந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

தபால் பெட்டி எண்ணுக்கே பதில் போடு. யாரிடமும் மூச்சு விடாதே.

உன் தங்கை

ஜூன் 12

என் கண்ணே,

உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. போன ஞாயிறு மாப்பிள்ளை வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "நான் திருந்திட்டேன் அக்கா. ஒரே ஒரு தடவை அவகிட்ட பேசினா போதும்" என்கிறார். நான் வாயே திறக்கவில்லை.

ஆனாலும் எத்தனை நாள் இப்படி ஓடுவாய்? இப்போது எந்த நூலகம், எத்தனை மணிக்குப் போகிறாய், எங்கே உட்காருகிறாய்? உன்னை ஓர் இடத்தில் வைத்து நினைத்துப் பார்க்கத்தான் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 20

அக்கா,

உனக்காகச் சொல்கிறேன். கடைத்தெருவில் தையற்கடைக்கு மேலே ஒரு சின்ன நூலகம். ஒரே அறை, எட்டு அலமாரி. நூலகர் கறாரான அம்மா. "பேர் எங்க எழுதணும்?" என்று கேட்டேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவங்க எழுதினா போதும். உட்கார்ந்து படிக்கிறதுக்கு எதுக்குப் பேரு?" என்றார். கண் கலங்கிவிட்டது, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் போய்க் கடைசி ஜன்னலோரம் உட்காருகிறேன். நேற்று முப்பது பக்கம் முடித்தேன்.

உன் தங்கை

ஜூலை 2

அக்காவுக்கு,

திங்கட்கிழமை மழையில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் தாமதம். நூலகப் படியில் பாதி ஏறியபோது மேலே அவர் குரல்.

"என் மனைவி. மூணு மணிக்கு வந்து கடைசி ஜன்னல்கிட்ட உட்காருவாளாமே?"

படியிலேயே நின்றுவிட்டேன்.

"இங்க நிறைய பேர் வராங்க. யார் வராங்க, எங்க உட்கார்றாங்கன்னு நான் வெளிய சொல்றதில்ல" என்றார் நூலகர்.

என் கணவர் அழுதார். பிறகு குரல் மாறியது. நாற்காலி ஒன்று சுவரில் மோதி விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். போன வருடம் என் கை உடைந்தபோது, படியில் விழுந்தாள் என்று எல்லாரும் சொன்னீர்கள். நீயும்தான்.

எப்படி இறங்கினேனோ தெரியாது. தையற்கடையில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் செருப்புச் சத்தம் தெருவுக்குப் போய் வெகுநேரம் கழித்து நூலகர் வந்தார். என்னால் உங்களுக்குத் தொல்லை என்றேன். "அழுதப்ப எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காகப் படிக்க வந்தவங்களைக் காட்டிக் கொடுக்க முடியுமா?" என்றார்.

அந்த ஜன்னலைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், அக்கா.

நீ கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய். நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

இன்று ஊர் மாறுகிறேன். தபால் பெட்டி எண்ணையும் ரத்து செய்துவிட்டேன். பரீட்சை எழுதுவேன். முழங்காலுக்கு டாக்டரைப் போய்ப் பார்; நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே.

அவர் மறுபடியும் வந்து அழுவார். நான் எங்கே என்று கேட்டால், தெரியாது என்று சொல். இனி அது பொய்யாக இருக்காது.

தங்கை