ஓவன் காட்டிய சூடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. லேபில் நாங்கள் செய்யும் பிளாஸ்டிக்கை வெட்டி, சேர்த்துவைத்து, நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கினால், மூலக்கூறுகள் பிடித்த கையை விட்டு வேறு கையைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். சூடு குறைந்தால் அசையாது. ஆறு மாதமாக ஒன்றும் ஒட்டவில்லை. நேற்றுதான் தெரிந்தது, ஓவன் வெளியே நூற்றைம்பது காட்டினாலும் உள்ளே வெறும் தொண்ணூறாம்.

"வெளிய காட்டுறத நம்பிட்டியா? உள்ள ஒரு தடவகூடப் பாக்கலியா?" என்றார் என் ஆராய்ச்சி கைடு. நான் சிரித்துவிட்டேன்.

மறுபடி முதலிலிருந்து. இந்த வருஷமும் ஊருக்கு வரமாட்டேன். என் பழைய போர்வையை அனுப்பு. நான் கூப்பிட்டால் போனைச் சீக்கிரம் வைக்காதே.

ஓவன் ரிப்பேர்காரர் வந்துவிட்டார். மேலே நலம் என்று எழுதியதை அப்படியே நம்பிக்கொள், அம்மா. உள்ளே பார்க்காதே.

உன் மகள்