வண்ணார்பேட்டை ரோட்டில் தெளித்தது

வண்ணார்பேட்டை,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள சிவகணேசுக்கு,

அசன் மைதீன் எழுதுகிறேன். நாக்பூரில் நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மூன்று வாரமாக போன் போட்டுப் பார்க்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் பதிவுத் தபால். இதை வாங்கிக்கொண்டதற்காவது நீ ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டுமே.

இங்கே இருக்கிறோம். என் வீட்டுக்காரி தஸ்மியா போன மாதம் ஸ்கூட்டரில் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகும்போது என் பைக் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே வழுக்கி விழுந்துவிட்டாள். இப்போது தேவலை. அவளை வழுக்க வைத்தது எது என்பதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

செப்டம்பரில் உங்கள் கம்பெனியின் புழுதி அடக்கும் மருந்தை எங்கள் ரோட்டில் தெளிக்க ஆரம்பித்தபோது நீயே வந்து நின்றாய். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "லே அசன், இது வினிகர் மாதிரி ஒரு சாதி உப்பு. தூசியப் பிடிச்சு ரோட்டோட ஒட்டிக்கிடும். இரும்பைத் தொடாது பாத்துக்கோ" என்றாய். நம்பினேன். நீ சொன்னபடியே நடந்தது. பஸ் போனால் கிளம்பும் புழுதி அடங்கியது. கடையில் மூக்கில் துணி கட்டாமல் வேலை பார்த்தேன். ரோட்டு முக்கில் காற்றின் தூசியை அளக்கும் போர்டில் எண் இறங்கியதை எல்லோருக்கும் காட்டி, என் சிநேகிதன் செய்த வேலை என்று பெருமையடித்தேன்.

மழைக்காலத்தில் தெளிப்பதை நிறுத்தினார்கள். டிசம்பர் கடைசியில் லாரி மறுபடி வந்தது. ஆனால் அந்த லேசான புளிப்பு வாடை இல்லை. முன்பு பட்டப்பகலில் வந்த லாரி, இப்போது விடியற்காலையில் நான் சுபுஹு தொழுதுவிட்டு வரும் நேரத்திலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுகிறது. நீல டிரம்களில் இருந்த லேபிளையும் யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

பிறகு என் கடைக்கு வரும் வண்டிகள் பேச ஆரம்பித்தன. ஆறு மாதம்கூட ஓடாத செயினில் துரு. பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இற்றுப்போகிறது. சைலன்சரின் அடிப்பக்கம் பொரிந்து நிற்கிறது. இந்த லாரி போகாத தச்சநல்லூர்ப் பக்கம் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இது இல்லை. எனக்கு வேலை கூடியிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியவன்தான். முடியவில்லை. பனி விழும் காலையில் ரோடு காயாமல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிறது. அப்படி ஒரு காலையில்தான் தஸ்மியா விழுந்தாள்.

மறுநாள் லாரியை மறித்தேன். டிரைவர் நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தபிறகுதான், "அண்ணாச்சி, எம்பேர வெளிய சொல்லிராதிய. தூத்துக்குடி உப்பளத்துல உப்பு வாரிட்டு மிச்சம் விடுத தண்ணி இது. அங்கன இருந்துதான் ரொப்பிட்டு வாரேன்" என்றார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்படியொரு கசப்பு.

தெளிக்க எடுத்த காண்ட்ராக்டர் மருந்தை மாற்றி ஏமாற்றுகிறான், உன்னையும் சேர்த்து ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தன் பைக் செயின் துருப்பிடித்த கோபத்தில் வக்கீல் காந்திமதிநாதன் தகவல் உரிமைச் சட்டத்தில் தாள்களை வாங்கினார். அதில் ஒரு பக்கம், ஜனவரியில் வந்த ஒவ்வொரு லோடையும் நேரில் நின்று சோதித்ததாகச் சொல்கிறது. அடியில் உன் கையெழுத்து. பத்தாம் வகுப்பிலிருந்து பார்க்கிற கையெழுத்து, எனக்குத் தெரியாதா?

ஊருக்கு வராமலே போட்டாயா? வந்தும் என்னைப் பார்க்காமல் போனாயா? இரண்டில் எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ உன்னைப் போலப் போட்டிருந்தால் அதையாவது சொல். தஸ்மியா, "சிவா அண்ணன் அப்படிச் செய்யமாட்டாவ. நீங்க பைய விசாரிங்க" என்கிறாள்.

மார்ச் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். அந்தப் பக்கத்தை இன்னும் மனுவோடு சேர்க்கவில்லை. உன் பதிலுக்காக வைத்திருக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் அன்பு.

அசன் மைதீன்

*

வண்ணார்பேட்டை,
12 மார்ச் 2025

சிவகணேசுக்கு,

நீ எனக்குப் பதில் எழுதவில்லை. தஸ்மியாவுக்குப் போன் செய்தாய். நான் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறாய். "தங்கச்சி, காரை எலும்பு கூடிட்டா?" என்று கேட்டாயாம். பிறகு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லச் சொன்னாயாம்.

அவள் அதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, "காரை எலும்புன்னு நீங்க எழுதினியளா?" என்று கேட்டாள். தோளோரம் அந்த எலும்பு முறிந்ததை நான் எழுதவில்லை. விழுந்தாள் என்று மட்டும்தான் எழுதினேன். அவளும் உன்னிடம் சொன்னதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, விசாரிப்பதுபோல் எக்ஸ்ரேயை போட்டோ எடுத்துப் போனார்கள். அவர்கள் மூலம் அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் போனை எடுக்காமல் இருந்திருக்கிறாய்.

கையெழுத்தைக்கூட நான் பொறுத்திருப்பேன். மேலே இருப்பவர்கள் நெருக்கியிருப்பார்கள், நாக்பூரில் உட்கார்ந்தபடியே போட்டிருப்பாய். ஆனால் அவள் உன்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அவள் கை தூக்க முடியாமல் இருந்த நாட்களில் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டபோதும் அந்தப் பக்கத்துக்காகக் கேட்டாய்.

திங்கட்கிழமை நானும் காந்திமதிநாதனும் மனுவைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்தையும் வைத்தேன். டிரைவரின் பேரை எழுதவில்லை. செப்டம்பரில் வந்த மருந்து நல்ல மருந்து, புழுதி அடங்கியது என்பதையும் எழுதியிருக்கிறேன். அது உண்மை, அதை மறைக்க எனக்கு மனசில்லை. நேற்றிலிருந்து லாரி வரவில்லை. புழுதி மறுபடி கிளம்பிவிட்டது. கடையில் இருமிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இருபதாம் தேதி கலெக்டர் ஆபீசில் விசாரணை. உனக்கும் ஓலை வரும். கையெழுத்து உன்னுடையது இல்லை என்று சொல்லச் சொல்லி உன்னைத் தயார் செய்வார்கள். அதைச் சொல்லிவிடாதே. அந்த அறையில் நானும் இருப்பேன். உன் முகத்துக்கு நேராக, இவன் பொய் சொல்கிறான் என்று என்னைச் சொல்ல வைத்துவிடாதே.

நான் இவ்வளவு கோபமாக எழுதுவதைப் பார்த்துவிட்டு தஸ்மியா, "அவ்வொ வந்தா நான் பேசிக்கிடுதேன். நீங்க வாய மூடிட்டு இருங்க" என்று சொல்லிப் போகிறாள்.

வந்தால் லாட்ஜில் தங்காதே. முந்தின நாளே கிளம்பி, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடு. உனக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். உள்ளதைச் சொல்லும் தைரியத்தை ஆண்டவன் உனக்குத் தரட்டும். அதன் பிறகு என்ன வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

அசன் மைதீன்