அத்தை சொன்ன பதில்

11 மார்ச் 1958, செவ்வாய்

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். உள்ளே புதைந்திருக்கும் முலைக்காம்புகளை வெளியே இழுத்துத் தைப்பார்கள். இனிப் பிறக்கும் பிள்ளை தாய்ப்பால் குடிக்கும் என்பது வீட்டாரின் தீர்மானம். டாக்டர் அப்படி உறுதி எதுவும் தரவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பிரெஞ்சு டாக்டர் கேட்டதை சிஸ்டர் தமிழில் சொன்னார்: "எப்பலேர்ந்து இப்படி?"

உடம்பு என்னுடையது, பதில் சொல்லும் உரிமை மாமியாருடையது.

"ரெண்டும் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான் சிஸ்டர்," என்றார் அத்தை, கூடவே இருந்து பார்த்தவர் போல.

வலது அப்படித்தான். இடது இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் உள்ளே போனது.

டாக்டர் சிஸ்டரிடம் பிரெஞ்சில் சொன்னார்: "நல்லது. புதிதாக உள்ளே போயிருந்தால் புற்றுநோயோ என்று பார்க்க வேண்டியிருக்கும்."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு சொல் விடாமல் புரிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "பாத்தியா, நான் பேசினதால சட்டுனு முடிஞ்சிது. நீயா இருந்தா முழிச்சிக்கிட்டு நின்னிருப்ப."

நாளை தனியாகப் போய் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சிலேயே சொல்லலாம், அத்தைக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "இடது" வரை வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.