பேப்பரில் வராத கல்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்க அப்படியே இருக்கணும். இதை முதல்ல மனசுல வாங்கிக்கோ, ஏன்னா அடுத்து வர்றதைப் படிச்சா பதறிடுவே. போன்லயே சொல்லலாம்னுதான் பார்த்தேன், பக்கத்துல எப்பவும் யாராவது இருக்காங்க, அதான் பேனாவை எடுத்தேன்.

போன அடிதடியில டயர் கடையை எரிச்சதிலிருந்து தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் முகம் கொடுத்துப் பேசுறதில்லை, அது உனக்குத் தெரியும். உங்கம்மாவும் அந்தப் பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரம்மாவும் சேர்ந்து சாயங்காலமானா ரயில்வே கேட்டுக்கிட்ட நிக்கிறாங்க, "இனி அடிதடி வேண்டாம்"னு பெரிய துணியில எழுதி ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களும் கொஞ்சம் கொஞ்சமா வந்து சேர்ந்தாங்க, ஆனா ஆம்பளைங்க யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. பேப்பர்ல வந்தாதான் இவங்க காதுல ஏறும்னு உங்கம்மா ஒரே பிடியா நின்னா. நம்ம ஊர் பேப்பர் ஆபீசுக்கு நடையா நடந்தோம். வெளிய பெஞ்சுல உட்கார வெச்சு, பழைய பேப்பர் கட்டுங்களுக்கு நடுவுல எங்களை மறந்தே போயிடுவாங்க. ஒரு நாள் அந்த நிருபர் வெளிய வந்து, சும்மா நிக்கிறதெல்லாம் செய்தி ஆகாதும்மா, ஏதாவது நடந்தா கூப்பிடுங்கன்னார். எதுவும் நடக்கக் கூடாதுன்னுதானே சார் நிக்கிறோம்னு உங்கம்மா கேட்டா, அவர் உள்ள போயிட்டார்.

வெட்கப்பட்டாரோ என்னவோ, கேமராக்காரரையும் கூட்டிக்கிட்டு ஒரு சாயங்காலம் வந்துட்டார். எல்லாருக்கும் தலைகால் புரியல. அன்னைக்குன்னு பார்த்து பேய்க்காத்து, துணி கிழியப் போகுது. உங்கம்மா கையை உசத்தி, பிடி பிடி, விட்டுடாதேன்னு கத்தினா. கடைக்காரம்மா தாவிப் பிடிச்சாங்க. மறுநாள் காலையில பேப்பரைப் பிரிச்சேன் பாரு. முதல் பக்கத்துல உங்கம்மா வாயைத் திறந்து கையை ஓங்கிக்கிட்டு நிக்கிறா, எதிர்ல அந்தம்மா அவ மேல பாயுற மாதிரி. மேல கொட்டை எழுத்துல, "ரயில்வே கேட்டில் மீண்டும் மோதல்". துணியில எழுதினது ஒரு எழுத்துகூடப் படத்துல விழல. ஆபீசுக்குப் போன் போட்டேன், தலைப்பு வெச்சவர் வேற ஆளாம், நிருபர் ஈனஸ்வரத்துல சொல்றார்.

அதுக்குள்ள கேட்டுக்கு ரெண்டு பக்கமும் கூட்டம் சேர்ந்துடுச்சு, எங்க வீட்டுப் பொம்பளை மேல கை வெச்சுட்டீங்களான்னு இவங்களும் கத்துறாங்க அவங்களும் கத்துறாங்க. நான் செருப்பைத் தேடுறதுக்குள்ள உங்கம்மா பேப்பரோட கிளம்பிட்டா. அந்தப் பக்கத்துலேர்ந்து கடைக்காரம்மாவும் வர்றாங்க. ரெண்டு பேரும் தண்டவாளத்து நடுவுல கையைக் கோத்துக்கிட்டு, இந்தப் படத்துல அடிச்சுக்கிறது நாங்கதான், நல்லாப் பாருங்க, இப்பவும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கோம்னு பேப்பரை விரிச்சுக் காட்டினாங்க. நாலஞ்சு பேர் சிரிச்சுட்டாங்க. அப்பாடான்னு நான் மூச்சு விடுறேன், நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு கல் பறந்து வந்து அந்தம்மா புருவத்துக்கு மேல பட்டுது.

சின்னு, நம்ம பக்கத்துலேர்ந்து. அந்தம்மா உட்கார்ந்துட்டாங்க, முகமெல்லாம் ரத்தம், உங்கம்மா அவங்க தலையை மடியில தாங்கிக்கிட்டா. அந்தப் பக்கம் கூட்டம் அப்படியே எழும்புது, அந்தம்மா பையன் கையில இரும்புக் கம்பி. அந்த நேரம் பார்த்து நிருபர் ஓடி வந்து, யார் எறிஞ்சதுன்னு சொல்லுங்கம்மா, நாளைக்கே போடுறேன்னார். அந்தம்மா முந்தானையால நெத்தியை அழுத்திக்கிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, யாரும் எறியல சார், தண்டவாளம் தடுக்கி விழுந்தேன், கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்னுதான் பேரு, எனக்கே கண்ணு தெரியல பாருங்கன்னாங்க. மகனைப் பார்த்து, கம்பியைக் கீழ போட்டுட்டு வண்டி எடுத்துட்டு வாடான்னாங்க. கம்பி விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்குது. எப்பேர்ப்பட்ட பொம்பளை! கூட்டம் தானா கரைஞ்சுபோச்சு.

தையல் போட்டிருக்காங்க, கண்ணுக்கு ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த நாள் பேப்பர்ல ஒரு வரி இல்ல. உங்கம்மா கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிப் பார்த்துட்டு, மடிச்சு வெச்சுட்டு, நல்லதாப் போச்சுன்னா. சாயங்காலம் நானும் கேட்டுக்குப் போனேன். அந்தப் பையன் துணியோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், நான் உங்கம்மா கையிலேர்ந்து அடுத்த முனையை வாங்கிக்கிட்டேன்.

உனக்கு மட்டும் ஒண்ணு. எறிஞ்ச ஆளை நான் பார்த்தேன். நம்ம வீட்டுல எத்தனையோ தடவை கை நனைச்சவன், உன் குழந்தையைத் தோள்ல போட்டுத் தூங்க வெச்சவன். ஆஸ்பத்திரியில அந்தம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, அண்ணே, நீங்க பார்த்தீங்கன்னு உங்க முகமே சொல்லுது, நானும் பார்த்தேன், ஆனா நான் தடுக்கிதான் விழுந்தேன்னாங்க. அவன் தினமும் காலையில எனக்கு வணக்கம் வைக்கிறான். நானும் வைக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்க எல்லாரும் நிறைஞ்சு வாழணும், எந்தக் கல்லும் உங்க திசைக்கே வரக் கூடாது. லீவுல வர்றப்போ அவன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுவான். கொடுத்துடு. யாருன்னு என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் மேல உயிரா இருக்கிற அப்பா