உன் அம்மா என் சம்பளத்தைக் கேட்டார்

என் பஸ் சீட்டில் எப்போதும் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்ட வாணிக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. ஜன்னலோரம் இப்போது எனக்கே கிடைக்கிறது. ஆனாலும் பழக்கதோஷம், ஓரமாக ஒடுங்கித்தான் உட்காருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உன் தங்கை தேவி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நீ படித்த அரசியல் அறிவியலைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். இன்னொரு பக்கம், சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள். வேன் நம் ஊர் சோரியாங்குப்பத்துக்கே வருகிறது.

"பாப்பா, மறைக்காம சொல்லு. மூணு வருஷம் படிச்சியே, மாசம் இன்னா வாங்குற? அதக் கேட்டுட்டுத்தான் அவளுக்கு ஃபாரம் போடுறதா வேணாமான்னு பாக்கணும்."

சம்பளத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. உன் அம்மா கேட்டால் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

நாம் ஏன் அந்தப் பாடத்தை எடுத்தோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மற்ற வகுப்புகளுக்கு லேப் இருந்தது. நம் வகுப்பு முடிந்தால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இருட்டுவதற்குள் வீடு. அவ்வளவுதான் காரணம். ஊரில் அதை நம்பினார்களா? உன் பெரியப்பா நம்மைப் பார்க்கும்போதெல்லாம் எந்தக் கட்சியில் நிற்கப் போகிறீர்கள் என்று கேட்பார். நீ சளைக்காமல், உங்க ஓட்டு யாருக்கோ அந்தக் கட்சியில என்பாய்.

முதல் வருடம் உள்ளாட்சிப் பாடம் நடத்தி முடித்த வாரமே நாம் ஒரு மனு எழுதினோம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்துதான் அழகு என்பதால். பாகூரில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். அந்த அலுவலர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பஸ்ஸு நிக்கிற பக்கம் எங்களுது இல்லம்மா. உங்க ஊரு பாண்டிச்சேரி, ரோட்டத் தாண்டுனா தமிழ்நாடு. பொலிட்டிக்கல் சயின்ஸா படிக்கிறீங்க?"

தினமும் அந்த ரோட்டைக் கடந்துபோய் நின்ற நாம், வேறு மாநிலத்தில் நிற்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வீடு வரும்வரை நீ சிரித்தாய். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மனுவை வேறொரு நாளில் நினைக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது. இரண்டாம் வருடக் கடைசியில் காய்ச்சலோடு உன்னைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த பிறகு இறப்புச் சான்றிதழுக்காக உன் அப்பாவும் சித்தப்பாக்கள் இருவரும் பாகூருக்கு மூன்று நாள் அலைந்தார்கள். இங்கே பதிவே இல்லை என்ற ஒரே பதில். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு அந்தத் தெருவிளக்கு ஞாபகம் வந்தது. "மாமா, கடலூர்ல கேக்கணும். இறந்தது அங்க" என்றேன். உன்னைப் பற்றி அந்தச் சொல்லை நான் முதன்முதலில் சொன்னது அப்போதுதான். படித்த படிப்புக்கு முதல் உபயோகமும் அதுதான்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரசுக் கல்லூரிக் கட்டணம் பெரிதில்லை, அந்த மூன்று வருடங்கள்தான் விலை என்று சொன்னேன். பன்னிரண்டாவதோடு சேதராப்பட்டு வேனில் ஏறிய பக்கத்து வீட்டு செல்வி அதற்குள் வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டாள். நான் கரிக்கலாம்பாக்கத்தில் மனை விற்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டுத்தான் எடுத்தார்கள். என்ன படித்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. பிறகு தொகையையும் சொன்னேன்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அத்த."

"செல்வி இதுக்கு மேல வாங்குறா."

"ஆமா."

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். வேன்தான் ஜெயித்தது என்று நினைத்தேன். வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை உன்னிடம் மறைப்பானேன்?

"மூணு ஆம்பளைங்க அலைஞ்சாங்க. எங்க போவணும்னு நீ ஒருத்திதான் சொன்ன" என்றார்.

"அதுக்கெல்லாம் யாரும் சம்பளம் தர மாட்டாங்க அத்த."

"தெரியும்." எழுந்து செருப்பை மாட்டினார். "ஃபாரத்த நீயே போட்டுடு. தப்பு ஆபீசுக்கு அனுப்பிடாத."

அன்று மாலையே தேவியை உட்கார வைத்துக் கேட்டேன். உன் அக்கா பஸ்ஸுக்காக எடுத்த பாடம்டி, அக்காவுக்காக நீ எடுக்காதே என்றேன். "இப்ப அஞ்சரைக்கும் பஸ் இருக்குக்கா. எனக்குப் புடிச்சுதான் எடுக்குறேன்" என்றாள். உன் புத்தகங்களை ஏற்கெனவே படித்திருக்கிறாள். ஓரத்தில் நீ எழுதிவைத்த கிண்டல்களுக்குக் கீழே பதில் வேறு எழுதியிருக்கிறாள். விண்ணப்பம் போட்டுவிட்டோம்.

பஸ் நிறுத்தத்தில் கம்பம் நட்டுவிட்டார்கள். விளக்கு இன்னும் வரவில்லை.

தேவிக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. உன் புத்தகங்கள் இரண்டாம் வருடத்தோடு முடிந்துவிடுகின்றன. மூன்றாம் வருடத்துக்கு என்னுடையவற்றைத் தருவேன். அவற்றின் ஓரங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வருடம் பக்கத்தில் நீ இல்லை. தருவதற்கு முன் நானே ஏதாவது எழுதிவைக்கிறேன்.

தேவிக்கு இனி அக்காவாகவும் இருக்கும்
உன் சுமதி