முதுகில் பட்ட சூடு

அண்ணை,

இன்று காலை மீன்பெட்டியைத் திறந்தபோது ஐஸோடு சேர்ந்து எழுந்த கடல் வாடை கடை முழுவதும் பரவியது. இந்த வாடைக்குத்தான் நீங்கள் வாசலோடு நின்றுவிடுவீர்கள். சனிக்கிழமைகளில், பிரெஞ்சுத் தலைநகரின் ஓரத்திலுள்ள பொண்டியிலிருந்து என் கடைக்கு வந்து, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, வெளியே நின்றபடியே என்னோடு கதைப்பீர்கள். "புதுச்சேரிக்காரர் மீன் தின்னாமல் இருப்பினமோ, அண்ணை?" என்று நான் பகிடி பண்ணினால், "எனக்குச் சேராதும்மா" என்று சிரித்து மழுப்புவீர்கள்.

உங்கள் மகளுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்துபோன வாரம்தான் காரணம் தெரிந்தது. அன்று கடைக்குள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். கொடுத்த தேநீரை ஆறவிட்டீர்கள். பிறகு, இளவயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பசிபிக் கடல் தீவுகளுக்குப் போன கதையைச் சொன்னீர்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டுகளோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற காலம். பிரான்சும் தன் குண்டை அந்தத் தீவுகளில்தான் வெடித்துப் பார்த்தது.

"திரும்பி நில்லு, கண்ண மூடுன்னாங்க. முதுகுல அடுப்பு வச்ச மாதிரி சூடு. அப்புறம் அதே கடல்ல குளிச்சோம், மீன் புடிச்சு சுட்டுத் தின்னோம். வயசு அப்படி, ஒண்ணும் தெரியல. நம்ம குண்டு யார் தலையிலயும் விழலன்னு இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன்மா. இப்ப என் பொண்ணு வயித்துல விழுந்துடுச்சோ?"

எனக்குக் குண்டென்றால் என்னவென்று தெரியும். ஊரில் சண்டை நடந்த காலத்தில் பங்கர்க் குழிக்குள் கிடந்து வளர்ந்தவள் நான். ஆனால் நாற்பது வருடம் கழித்து விழுகிற குண்டை நான் அறிந்திருக்கவில்லை. "மகளிட்டச் சொல்லுங்கோ, அண்ணை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அவ அம்மா உயிரோட இருந்தா சொல்லியிருப்பா. என்னால வீட்டுல முடியாது. இங்க, நீயும் பக்கத்துல இரு" என்றீர்கள்.

அப்படித்தான் என் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, மகளிடம் சொன்னீர்கள். அவள் முகம் வெளிறிப்போனது. "புர்குவா, பப்பா?" என்றாள். பிறகு தமிழில், "ஏன்ப்பா? டாக்டர் குடும்பத்தைப் பத்தி அத்தனை கேட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?" அவள் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் விறுவிறென்று நடந்து போனாள். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் இருந்தீர்கள்.

கோபம் ஆறி, அவளே வந்து உங்களை டாக்டரிடம் கூட்டிப்போனாள். குண்டுதான் காரணமோ என்றதற்கு, ஓமென்றும் சொல்லமுடியாது, இல்லையென்றும் சொல்லமுடியாது என்றாராம் டாக்டர். அந்தக் குளிர்காலத்திலேயே உங்கள் இரத்தத்தில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அதற்கும் அதே பதில்தான். ஆஸ்பத்திரியில் மகள் உங்கள் முதுகைத் துடைத்துவிடும்போது நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வீர்கள். அவள் நோகிறதோ என்று பயந்து கையை எடுப்பாள். "நோவலம்மா, தொடச்சு விடு" என்பீர்கள். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நீங்கள் எந்தக் கரையில் நின்றீர்கள் என்று.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் பிள்ளைக்கு முயலவில்லை, அண்ணை. "பயமாயிருக்கு ஆன்ட்டி" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

போன கிழமை கடைக்கு வந்த ஒருவர், அந்தப் பழைய வல்லரசுகளின் பகையைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் சும்மா வெருட்டு. கடைசியிலை ஒருத்தரும் சாகேல்லைத்தானே" என்றார்.

"எனக்கு ஒராளைத் தெரியும்" என்றேன்.

"ஆர் அது?"

உங்கள் பெயரைச் சொன்னேன். உலகத்துக்கு வராமலே போன அந்த இரண்டு பிள்ளைகளையும் சொன்னேன். நிச்சயமாகத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இனி யார் கேட்டாலும், அண்ணை, இதைச் சொல்லத்தான் போகிறேன்.